நாலு பேர் பேட்ச்சில் கேள்வி கேட்டவர் மட்டும் கெட்டவர் ஆவது ஏன்?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்கிறேன், சரிதானா பாருங்கள். பொறியியல் கடைசி ஆண்டு, நாலு பேர் கொண்ட புராஜெக்ட் பேட்ச். ஒருவர் இரண்டு மாதமாக எதையும் உருப்படியாகக் கொடுக்கவில்லை. ரிவ்யூவுக்கு முந்தின நாள் இரவு 11.40க்கு வாட்ஸ்அப் குரூப்பில் "எல்லாத்தையும் நானே பண்ணணும்னா பேட்ச் எதுக்கு?" என்று போட்டீர்கள். அவர் எகிறினார். மற்ற இருவரும் பார்த்துவிட்டு, நீல டிக் விழுந்த பிறகும், வாயைத் திறக்கவில்லை. இப்போது அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து கேன்டீன் போகிறார்கள். நீங்கள் "ஓவரா பண்றவர்" ஆகிவிட்டீர்கள். "ஒரே விஷயத்தை மூணு பேரும் எப்படித் தப்பாகவே பார்க்க முடியும்?" என்று முடித்திருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி அது. எழுதாமல் விட்டது "தப்பு என் மேலா?" என்பது. முதல் கேள்விக்கு நிறையச் சொல்ல முடியும். இரண்டாவதுக்குப் பாதிதான் முடியும், நான் கேட்டிருப்பது ஒரு தரப்பை மட்டும்தானே.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் 17 வருடம் கணினித் துறையில் பாடம் எடுத்தேன். வருடத்துக்கு மூன்று பேட்ச்சுக்கு கைடு, அதாவது புராஜெக்டை வழிநடத்தும் ஆசிரியர், சில வருடம் நான்கு. புராஜெக்டைவிட புராஜெக்ட் சண்டைகளைத்தான் அதிகம் பார்த்தேன். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், நடுவில் அஞ்சல் வழியில் உளவியல் எம்.எஸ்சி. முடித்தேன். கீழே வருவதில் ஒரு பங்கு ஆய்வாளர்கள் சொன்னது, இன்னொரு பங்கு ஸ்டாஃப் ரூமில் என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு பிள்ளைகள் சொன்னது. எது எது என்று பிரித்தே சொல்லப் பார்க்கிறேன்.

ஒரே விஷயம் என்கிறீர்கள். சம்பவம் ஒன்றுதான், ஆனால் நாலு பேருக்கும் கதை ஆரம்பிக்கும் இடம் வேறு. உங்கள் கதை செமஸ்டரின் முதல் வாரத்தில் ஆரம்பிக்கிறது: தலைப்பு தேடியது, கைடு பின்னால் அலைந்தது, டேட்டாசெட் கிடைக்காமல் விழித்தது. அவர் கதை இரவு 11.40க்கு ஆரம்பிக்கிறது, மூன்று பேர் முன்னால் ஒருத்தர் தன்னைக் கேவலப்படுத்தியதில். அந்த இருவரின் கதை இன்னும் பத்து நிமிடம் கழித்து, அவர் எகிறிய பிறகு, "ஐயோ, நாளைக்கு ரிவ்யூ இருக்கே" என்ற பதற்றத்தில். எந்த பேட்ச் சண்டையோடு வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி "எப்போ ஆரம்பிச்சுது?" என்பது. பெரும்பாலும் நாலு தேதி வரும். அந்த நாலு தேதியைப் பலகையில் எழுதிப்போட்டாலே பாதிச் சூடு தணிந்துவிடும்.

அடுத்தது, காரணம் சொல்லும் பழக்கம். மற்றவர் செய்ததற்கு அவர் குணத்தைக் காரணமாக்குவதும், அவர் நின்ற சூழ்நிலையைக் கணக்கில் எடுக்க மறப்பதும் மனித இயல்பு. இதற்கு 1977ல் லீ ராஸ் என்ற உளவியலாளர் பெயரே வைத்தார், அடிப்படைக் காரணப் பிழை என்று. இதோடு ஒட்டி எல்லாப் பாடப் புத்தகத்திலும் இன்னொன்றும் சொல்வார்கள்: நாம் செய்தால் சூழ்நிலை, அடுத்தவர் செய்தால் குணம். நானும் பல வருடம் வகுப்பில் அப்படியே சொன்னேன். ஆனால் 2006ல் பெர்ட்ரம் மாலே 173 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பொதுவாக அந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றுமேயில்லை என்று வந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் அது மிஞ்சி நின்றது: நடந்தது கெட்டதாக இருக்கும்போது. உங்கள் பேட்ச்சுக்கு வேண்டியது அந்த மிச்சம்தான். எல்லாம் நன்றாகப் போகிற காலத்தில் யாரும் யார் குணத்தையும் நோண்டுவதில்லை. வேலை நின்றதும் "அவன் சோம்பேறி", "அவளுக்குத் திமிர்" என்று ஆரம்பிக்கிறது. சொல்கிறவருக்கு மட்டும் காய்ச்சல் இருந்தது, அரியர் இருந்தது, பிளேஸ்மென்ட் டெஸ்ட் இருந்தது.

யார் எவ்வளவு செய்தார்கள் என்ற கணக்கும் இப்படித்தான். 1979ல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இருவர் 37 தம்பதிகளிடம் வீட்டு வேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். கணவன் சொன்னதையும் மனைவி சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் நூற்றுக்கு மேல் போனது. எனக்குப் பிடித்த பகுதி, நல்ல வேலைகளில் மட்டும் இப்படி ஆகவில்லை என்பது. சண்டையைக் கிளப்புவது போன்ற விஷயங்களிலும் தங்கள் பங்கைக் கூட்டித்தான் சொன்னார்கள். ஆகவே இது வெறும் பெருமை பேசுவது மட்டும் கிடையாது. நாம் செய்தது நமக்கு முழுசாக ஞாபகம் இருக்கிறது, அடுத்தவர் செய்ததில் நம் கண்ணில் பட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இதைப் படித்த பிறகு நானும் பேட்ச் பிள்ளைகளிடம் துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் போடாமல், "உன் பங்கு எத்தனை சதவீதம்" என்று எழுதச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு தடவை 50, 40, 40, 30 என்று வந்தது. கூட்டினால் 160. நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். இது ஆய்வு ஒன்றும் இல்லை, மேசை வித்தை. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவர்களால் பேச முடிந்தது.

இனி நான் தவறிய ஒரு கதை. உங்களுக்கு உபயோகப்படும் என்று நினைக்கிறேன், கொஞ்சம் கசக்கும். ஒரு பேட்ச்சில் படிப்பில் கெட்டிக்காரியான ஒரு பெண் வந்து, "மேம், அவன் ஒண்ணுமே பண்ணல, நான் ஒருத்தியே பண்றேன்" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். எனக்கு அவளைத் தெரியும், பையன் கடைசி பெஞ்ச். கூப்பிட்டு நன்றாகத் திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே "சரிங்க மேம்" என்று போய்விட்டான். இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட்டில் ஒரு திருத்தம் தேடப்போய், கூகுள் டாக்ஸில் பழைய பதிப்புகளைத் திறந்து பார்த்தேன். இரண்டாம் அத்தியாயம், லிட்ரேச்சர் சர்வே (ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் பகுதி), அவன் எழுதியிருக்கிறான். ஆறு பக்கம். ஆங்கிலம் தடுமாறுகிறது, ஆனால் பேப்பர்களைப் படித்துத்தான் எழுதியிருக்கிறான். மறுநாள் அதிகாலை 2 மணிக்கு அந்த ஆறு பக்கமும் மொத்தமாக அழிக்கப்பட்டு, அவள் எழுதிய புது அத்தியாயம் உட்கார்ந்திருக்கிறது. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் பெயரில் ஒரு திருத்தம்கூட இல்லை.

அவளைக் கேட்டேன். "நேரம் இல்ல மேம், திருத்துறதுக்குப் புதுசா எழுதுறது ஈஸியா இருந்துச்சு." பொய் இல்லை. அவள் பார்வையில் அது பேட்ச்சைக் காப்பாற்றியது. அவனைக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நான் தமிழ் மீடியம் மேம். எழுதுனா எப்படியும் அழிப்பாங்க. அப்புறம் எதுக்கு?" என்றான். வேலை செய்யாதவர் என்று நாம் கைகாட்டும் ஆள் சில சமயம் முதல் மாதம் வேலை செய்தவராக இருப்பார். உங்கள் பேட்ச்சில் இதுதான் நடந்தது என்று சொல்ல எனக்கு ஆதாரம் எதுவும் இல்லை. அவர் நிஜமாகவே ஓபி அடித்திருக்கலாம், அப்படிப்பட்டவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் பழைய பதிப்புகளை ஒருமுறை திறந்து பாருங்கள். அவர் கடைசியாக ஏதாவது கொடுத்தது எப்போது, அதை நீங்கள் என்ன செய்தீர்கள்?

ஓபி அடிப்பதைப் பற்றியும் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து, 1913ல் வெளியிட்டார். நாலு பேர் சேர்ந்து இழுத்தால் ஒவ்வொருவரும் தனியாக இழுப்பதில் சுமார் 77 சதவீதம்தான் வந்தது, எட்டுப் பேர் என்றால் பாதிக்கும் சற்றுக் கீழே. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததும் இதற்கு ஒரு காரணம். ஆனால் 1974ல் வேறு ஆய்வாளர்கள் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்களும் சேர்ந்து இழுப்பதாக நம்பவைத்து, நிஜத்தில் ஒற்றை ஆளாக இழுக்க விட்டபோதும் இழுப்பு குறைந்தது. 1979ல் பிப் லதானேயும் கூட்டாளிகளும் கைதட்டுவதிலும் கத்துவதிலும் இதையே கண்டார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் அவர்களே இன்னொன்றையும் காட்டினார்கள்: ஒவ்வொருவர் சத்தமும் தனியாகப் பதிவாகிறது என்று தெரிந்தால் அந்தச் சோம்பல் மறைகிறது. அதாவது யார் எதைச் செய்தது என்று தெரியாத இடத்தில் நல்ல பிள்ளையும் தளரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1983ல் நார்பர்ட் கெர் செய்த சோதனையில், கூட்டாளிக்குத் திறமை இருந்தும் சும்மா இருக்கிறார் என்று தெரிந்தால், உழைக்கிறவரும் தன் உழைப்பைக் குறைத்துக்கொண்டார், கூட்டாகத் தோற்றாலும் பரவாயில்லை என்று. ஏனென்றால் இளிச்சவாயன் ஆக யாருக்கும் மனசில்லை. ஆங்கிலத்திலும் ஏறக்குறைய இதே அர்த்தமுள்ள பெயர்தான் வைத்திருக்கிறார்கள், நம் சொல் அதைவிடக் கச்சிதம். 11.40க்கு நீங்கள் போட்ட வரியைத் திரும்பப் படியுங்கள். அதில் வேலை எங்கும் இல்லை. "நான் இளிச்சவாயா?" என்பதுதான் இருக்கிறது. நியாயமான கோபம். ஆனால் படித்த மூன்று பேருக்கும் அதில் பதில் சொல்ல ஒரு கேள்வியும் கிடைக்கவில்லை.

இப்போது அந்த இருவர். உங்களை அதிகம் காயப்படுத்தியது எகிறியவரைவிட இவர்கள்தான் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. மௌனம் சம்மதம் என்பார்கள். பேட்ச் சண்டையில் அந்த மௌனத்தை ஆளுக்கொரு சம்மதமாக எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் "அவன் பக்கம் சாய்ஞ்சுட்டாங்க" என்று படித்தீர்கள். அவர் "எனக்கு சப்போர்ட்டா யாரும் வரல" என்று படித்திருப்பார், பந்தயம் கட்டலாம். அந்த இருவரைக் கேட்டால் "நாங்க பிரச்சினையைப் பெருசாக்கல" என்பார்கள். என்னிடம் வந்த மௌனசாமிகள் எல்லோரும் தாங்கள் சண்டையில் இல்லை என்றுதான் நம்பினார்கள். இருந்தார்கள். பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தான்.

நம் பேச்சிலேயே இது எப்படிப் பதிந்திருக்கிறது பாருங்கள். சண்டை என்றால் நமக்கு முகம்தான். முகத்தை முறித்துக்கொள்வது, முகத்துக்கு நேரே கேட்பது, முகம் கொடுத்துப் பேசாமல் போவது, எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது. சண்டை முற்றியதற்கு அடையாளம்கூட நமக்குச் சத்தம் கிடையாது, "அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல" என்பதுதான். சின்ன வயதில் காய் விட்டது, பழம் விட்டது ஞாபகம் இருக்கும். பேச்சை நிறுத்துவதைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறோம். ஸ்டெல்லா டிங்-டூமி என்ற ஆய்வாளர் முகத்தைக் காத்துக்கொள்வதை வைத்தே ஒரு கோட்பாடு கட்டியிருக்கிறார்: கூட்டு வாழ்க்கைக்கு முக்கியத்துவம் தரும் சமூகங்களில் அடுத்தவர் முகத்தையும் காக்க விலகிப்போவார்கள், தனிமனிதருக்கு முக்கியத்துவம் தரும் சமூகங்களில் நேரே மோதுவார்கள் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு இதில் அரைநம்பிக்கைதான். கைடு முன்னால் வாயே திறக்காத அதே பையன் ஹாஸ்டல் ரூமில் கதவை உதைக்கிறான். ஒரே சமூகம், ஒரே ஆள், எதிரில் நிற்பது யார் என்பதுதான் மாறுகிறது. தாமஸ், கில்மன் இருவரும் 1974ல் போட்ட ஐந்து வகையையும் (மோதுவது, கூடித் தீர்ப்பது, ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுப்பது, ஒதுங்குவது, அடங்கிப்போவது) இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். அந்த நேரத்து நடத்தைக்குப் பெயர் வைக்க உதவும். ஆளுக்கு முத்திரை குத்த உதவாது, சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பில் அதைத்தான் செய்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது முழுக்க என் அனுபவம். ஒரே வரியை யார் சொல்கிறார் என்பதை வைத்து அது வேறு வேறாகக் கேட்கிறது. பையன் கேட்டால் "டென்ஷன்ல இருக்கான்", பெண் கேட்டால் "திமிர்". டே ஸ்காலர் 4.30 பஸ்ஸுக்கு ஓடினால் ஹாஸ்டல்காரர்களுக்கு அவர் நழுவுகிறவர். அவர் வீட்டில் இரவு பத்துக்கு மேல் லேப்டாப்பைத் திறப்பது யார் கண்ணிலும் படாது. நீங்கள் ஆணா பெண்ணா, ஹாஸ்டலா வீடா, எதுவும் எழுதவில்லை. உங்கள் "ஓவர்" பட்டத்தில் இதற்கு எவ்வளவு பங்கு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"கருத்து மோதல் இருந்தால்தான் குழு நன்றாக வேலை செய்யும்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் முழுசாக நம்பவேண்டாம். கேரன் ஜென் 1995ல் வேலையைப் பற்றிய மோதலையும் ஆளைப் பற்றிய மோதலையும் பிரித்துக் காட்டினார். முதலாவது சில வேலைகளில் உதவும், இரண்டாவது கெடுக்கும் என்றார். 2003ல் டி ட்ரூ, வெய்ங்கார்ட் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, இரண்டுமே கெடுக்கிறது என்றார்கள். 2012ல் 116 ஆய்வுகளைத் திரட்டியபோது கதை மறுபடி கொஞ்சம் திரும்பியது: ஆள்மேல் உள்ள கசப்போடு கலக்காமல் இருந்தால், வேலை பற்றிய மோதல் அவ்வளவு கெடுதல் செய்யவில்லை. ஆக, ஆள்சண்டை கெடுதல் என்பதில் எல்லோருக்கும் ஒத்த கருத்து. வேலைச்சண்டை நல்லதா என்பது இன்னும் வாய்தாவில் இருக்கும் வழக்கு. நடைமுறையில் என்னைப் பயமுறுத்துவது ஒன்று எவ்வளவு சீக்கிரம் மற்றொன்றாக மாறுகிறது என்பது. "இந்த அல்காரிதம் சரிவராது" என்பது மூன்றாவது பதிலிலேயே "உனக்கு என்ன தெரியும்" ஆகிவிடுகிறது.

வாட்ஸ்அப்பில் அது இன்னும் வேகம். 2005ல் க்ரூகர், எப்லி முதலானோர் செய்த மின்னஞ்சல் சோதனையில், எழுதியவர்கள் தங்கள் கிண்டலும் சீரியஸும் நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரியும் என்று எதிர்பார்த்தார்கள். படித்தவர்கள் சரியாகப் பிடித்தது 56. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். எழுதும்போது நம் காதில் நம் குரல் ஒலிக்கிறது. படிப்பவருக்கு அவர் அப்போது இருக்கும் மனநிலையின் குரல்தான் கேட்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னால் முடிந்த பாதி இது. கேட்டது தப்பில்லை. குரூப்பில் கேட்டதும், ரிவ்யூவுக்கு முந்தின இரவு வரை சேர்த்துவைத்துக் கேட்டதும் தப்பு. "ஒரு கை தட்டினா ஓசை வராது, ரெண்டு பேரும் சாரி சொல்லுங்க" என்று என் சக ஆசிரியர்கள் நிறையப் பேர் தீர்ப்புச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழியைச் சரிபாதியாக வெட்டுவது நடுவருக்கு வசதி, அவ்வளவுதான். மன்னிப்பு கேட்பதானால் 11.40க்கு மட்டும் கேளுங்கள், இரண்டு மாத உழைப்புக்குக் கேட்காதீர்கள்.

அடுத்த ரிவ்யூவுக்கு மூன்று வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மிச்சமிருக்கும் வேலையை ஒரே தாளில் எழுதுங்கள். யாராவது ஒருவர் இரண்டு மூன்று நாளில் முடிக்கிற அளவுக்கு ஒவ்வொன்றையும் உடையுங்கள். பெயர் போடாதீர்கள், அவர்களே எடுக்கட்டும். எடுத்த பிறகு பெயர் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். யார் கொடுத்ததையும் அவரைக் கேட்காமல் அழிப்பதில்லை என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள், உங்களுக்கும் சேர்த்து. அவரிடம் "ஏன் பண்ணல" என்று கேட்டால் குணத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் பதில்தான் வரும். "இந்த மாட்யூல் எங்க நிக்குது, எது தடுக்குது?" என்று கேட்டால் சில சமயம் வேலையைப் பற்றிய பதில் வரும். சில சமயம்தான். அப்படியும் அவர் அசையவில்லை என்றால் கைடிடம் போகலாம், அது காட்டிக்கொடுப்பது ஆகாது. "அவன் சரியில்ல" என்று போனால் நான் செய்தது போல உங்கள் கைடும் ஆளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். தாளோடு போங்கள்.

மிரட்டல், சாதியைச் சொல்லித் திட்டுவது, பாலியல் சீண்டல் இவற்றில் எதுவாவது அந்த குரூப்பில் நடந்திருந்தால் நான் மேலே எழுதிய எதுவும் பொருந்தாது. அதைப் பேசித் தீர்க்கும் வேலை உங்களுடையது இல்லை. ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொண்டு கல்லூரியின் புகார்க் குழுவுக்குப் போங்கள்.

மற்றபடி, முதல் பேச்சை எகிறியவரிடம் ஆரம்பிக்க வேண்டாம். அந்த மௌன இருவரில் உங்களுக்குக் கொஞ்சம் நெருக்கமானவர் யாரோ, அவரைத் தனியாகப் பிடியுங்கள். "நீ ஏன் எனக்காகப் பேசல" என்று தொடங்காமல், "அன்னிக்கு ராத்திரி அதைப் படிச்சப்போ உனக்கு என்ன தோணுச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, டீ ஆறும் வரை குறுக்கே பேசாமல் இருங்கள். என்ன சொன்னார் என்று முடிந்தால் இங்கே வந்து எழுதுங்கள்.